பட்டாளத்தார்ர பேரில போர்ட் வைங்க, ரோட்டுட பேர மாத்த வேணாம்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

களுவாஞ்சிகுடிக்கும் ஒந்தாச்சிமடத்துக்கும் நடுவில போற மெயின் ரோட்டுத் துண்டுக்கு, நம்மட பக்கத்தில இருந்து காலமான பழைய பட்டாளத்தார் ஒருவர்ர பேர வைக்கணும் எண்டு ஒரு வாசகர் உங்கட பேப்பருக்கு எழுதியிருந்தார். அதுக்கு மறுமொழியா இன்னொருவர், பட்டாளக்காரன்ட பேர் நம்மட மண்ணில என்னத்துக்கு எண்டு சரியான காரமா எழுதியிருந்தார். ரெண்டையும் வாசிச்சன். ரெண்டு பேரும் அந்த மனுசனோட பழகாத ஆக்கள் போல கிடக்கு, முக்கியமான விசயத்த ரெண்டு பேருமே விட்டுட்டாங்க, அதாலதான் இத எழுதுறன். நான் இ.போ.ச.வில, அதான் இலங்கை போக்குவரத்துச் சபையில, பஸ் டிரைவரா இருந்து பென்சனில வந்தவன், கல்முனை மட்டக்களப்பு ரூட்டிலதான் என்ட பாதி ஆயுசு போச்சி, அந்த ரோட்டப் பத்திக் கதைக்க எனக்கும் கொஞ்சம் உரிமை இரிக்கிதானே.

நான் சொல்ல வாறது இவ்வளவுதான். அவர்ர பேரில போர்ட் ஒண்டு வைங்க, தாராளமா வைங்க, ஆனா ரோட்டுட பேர மாத்த வெளிக்கிடாதீங்க. மறுகா அந்தப் போர்ட்டில அவர் ஆமியில என்ன ரேங்கில இருந்தார் எண்டத விட, 1978ல நம்மட பக்கம் அடிச்ச சூறாவளிக்கு என்ன செஞ்சார் எண்டத எழுதுங்க.

முதல்ல பேர் விசயம். மேல இருந்து வைக்கிற பேர் சனத்திட வாயில ஏறாது, இத டிரைவர் கொண்டக்டர் எல்லாருக்கும் தெரியும். கல்லடிப் பாலத்தப் பாருங்க. 1924ல வெள்ளக்காரன் கட்டி, அப்ப ஆளுநரா இருந்த வில்லியம் மெனிங் எண்டவர்ர பொஞ்சாதிக்கு மரியாதையா லேடி மெனிங் பாலம் எண்டு பேர் வெச்சான். நூறு வருசம் போயிட்டு. பக்கத்தில 2013ல புதுப் பாலமும் தொறந்தாச்சி. இத்தின வருசத்தில என்ட பஸ்ஸில ஏறின ஒரு சனமாவது லேடி மெனிங்ல இறக்கி விடுங்க எண்டு கேட்டிருக்கா எண்டா இல்ல, கல்லடிப் பாலத்தடி எண்டுதான் கேக்கும். ஆனா அதே டவுணுக்குள்ள வெபர் ஸ்டேடியம் இரிக்கி, அது வேற கதை. ஹரல்ட் வெபர் எண்டு அமெரிக்காவில இருந்து வந்த ஜேசு சபைச் சாமியார், மைக்கேல் கல்லூரிப் பொடியன்மாருக்கு பாஸ்கெட்போல் பழக்கி, வேர்வையோட வேர்வையா நிண்டவர். ஆரும் கட்டளை போடாமலே சின்னப் பொடியன் தொட்டு கிழவன் மட்டும் "வெபர்ல மெச்" எண்டுதான் சொல்றான். ரெண்டும் வெள்ளக்காரப் பேர்தான், ஒண்டு நிண்டிட்டு, மத்தது நிக்கல்ல. அந்த அம்மா பாவம், நம்மட ஆக்களுக்கு என்ன செஞ்சாவோ தெரியா, பேர் மட்டும் இரும்பில கிடந்துச்சி.

வெளிநாட்டில ஹைவேக்கெல்லாம் பட்டாளத்தார்ர பேர் வைக்காங்க, நாங்க வெச்சா என்ன எண்டு முதல் கடிதக்காரர் கேட்டிருந்தார். சரி, அதப் பாப்பம். என்ட மகள் கனடாவில ஸ்காபரோவில இரிக்கா, அங்க போய் நிண்ட நேரம் மருமகன் 401 ரோட்டால கூட்டிக்கொண்டு போனார். ரோட்டா அது, நம்மட ரோட்டில நாலஞ்ச ஒண்டாப் போட்ட மாதிரி அகலம், லைன் மாறுறதுக்கே எனக்கு நெஞ்சு இடிச்சிது, நான் ஸ்டியரிங்கப் பிடிக்கல்ல எண்டது கடவுள் செயல். அந்த ரோட்டுக்கும் மக்டொனால்ட் கார்ட்டியே எண்டு ரெண்டு பெரிய தலைவர்மார்ர பேர் 1965ல வெச்சிரிக்காங்களாம், ஒருத்தரும் சொல்றல்ல, எல்லாரும் ஃபோ ஓ வன் எண்டுதான் சொல்றாங்க. ஆனா அதில ஒரு துண்டுக்கு, ட்ரென்டனில இருந்து டொரொண்டோ மட்டும் சுமார் 170 கிலோமீட்டருக்கு, ஹைவே ஒஃப் ஹீரோஸ் எண்டு போர்ட் போட்டிரிக்கி. அது மட்டும் எல்லாருக்கும் தெரிஞ்சிரிக்கி. என்ன காரணம் எண்டு மருமகனக் கேட்டன்.

ஆப்கானிஸ்தானில செத்த கனடா ஆமிப் பொடியன்மார்ர பிரேதத்த ட்ரென்டன் விமானப்படைத் தளத்திலதான் கொண்டு வந்து இறக்குறதாம். அங்கயிருந்து டொரொண்டோவில இரிக்கிற மரண விசாரணை ஒபிஸுக்கு இந்த ரோட்டாலதான் கொண்டு போகணும். அந்த நேரமெல்லாம் சனம், ஆரும் கூப்பிடாமலே, மேல்பாலங்களில போய் கொடியோட நிக்கத் தொடங்கிரிக்கி. பனியிலயும் நிண்டிரிக்காங்க, மழையிலயும் நிண்டிரிக்காங்க, தீயணைப்பு வண்டிக்காரர் வண்டிய மேல ஏத்தி வெச்சிட்டு சல்யூட் அடிச்சிரிக்காங்க. இப்பிடிக் கன வருசமா நடந்த பொறகுதான், பெட்டிசன் போட்டு ஆயிரக்கணக்கில கையெழுத்து வெச்சி, 2007ல அரசாங்கம் அந்தப் பேரக் குடுத்திச்சி. அந்தச் சண்டையில கனடா ஆமி ஆக்கள் 158 பேர் செத்தாங்க. கவனிங்க ஐயா, சனம் முதல்ல நிண்டிச்சி, போர்ட் பொறகுதான் வந்திச்சி. ரோட்டுட நம்பர் இப்பவும் 401தான், ஒரு வீட்டுக்காரன்ட விலாசமும் மாறல்ல. பொறகு அந்த ரோட்டுக் கரையில மரம் நடுற வேலையும் தொடங்கிரிக்காங்க, 1812ல இருந்து கனடாவுக்காக உயிர விட்ட ஆக்கள் ஒவ்வொருத்தருக்கும் ஒரு மரம் எண்டு 117,000 மரம். நம்மட காத்தான்குடி ரோட்டில பேரீச்ச மரம் நட்டு அழகு பாத்த மாதிரி இதும் ஒரு அழகுதான், ஆனா இது கணக்கோட நட்ட மரம்.

தனி ஆள்ட பேரில ரோட்டு அமெரிக்காவில கனக்க இரிக்காம். பேரன் போனில தேடித் தேடிக் காட்டினான், ஒவ்வொரு மாநிலத்திலயும் அவ்வளவு. அதில ஒருவர்ர கதை எனக்கு சரியாப் பிடிச்சிப் போச்சி. அல்வின் யோர்க் எண்டு பேர், டென்னசி மாநிலத்தில மலைக்குள்ள ஒரு குக்கிராமம், பெரிசாப் பள்ளிக்கூடம் போகாத கமக்காரன் வீட்டுப் பொடியன். முதலாம் உலக யுத்தத்துக்கு ஆள் எடுக்கக்குள்ள, என்ட சமயத்தில மனுசனக் கொல்லக் கூடாது, நான் வரமாட்டன் எண்டு எழுதிக் குடுத்த ஆள் அவர். எப்பிடியோ கொண்டு போயிட்டாங்க. 1918 ஒக்டோபர் 8ம் திகதி பிரான்ஸில ஒரு காட்டுக்குள்ள நடந்த சண்டையில, இவரும் இவரோட மிஞ்சின ஏழெட்டுப் பேருமாச் சேந்து 132 ஜேர்மன்காரர உயிரோட பிடிச்சிக்கொண்டு வந்திட்டாங்க. அமெரிக்காட ஆகப் பெரிய பதக்கம் குடுத்தாங்க, நியூயோர்க்கில ஊர்வலம் வெச்சாங்க, அந்த விளம்பரத்துக்கு வா இந்த விளம்பரத்துக்கு வா எண்டு காசக் கொட்ட ஆக்கள் நிண்டாங்க. மனுசன் கனக்க வேணாம் எண்டு சொல்லிட்டு ஊருக்குத் திரும்பிட்டார்.

திரும்பி வந்து என்ன கேட்டார் தெரியுமா? எங்கட மலைக்குள்ள ரோட்டுப் போட்டுத் தாங்க, புள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டித் தாங்க எண்டு கேட்டார். அதுக்காக அலைஞ்சார், மேடை மேடையாக் கதைச்சார், பள்ளிக்கூடமும் வந்திச்சி, ரோட்டும் வந்திச்சி. அந்த ரோட்டுக்குத்தான் அவர்ர பேர் இரிக்கி. 132 பேரப் பிடிச்ச கதைய அங்க ஆரும் மறந்தாலும், இந்த ரோட்ட இவர்தான் கேட்டு வாங்கினார் எண்டத அந்த ஊரான் மறக்கமாட்டான். இந்த மாதிரிப் பேர் வைக்கிறதுக்கு நான் ரெண்டு கையையும் தூக்குவன்.

இனி நம்மட ஆளுக்கு வாறன். பேர நான் எழுதல்ல, முதல் கடிதத்திலயே இரிக்கி, அவர்ர புள்ளைகளிட்டயும் கேக்காம நான் எழுதுறது சரியில்ல. இவர் ரெண்டாம் உலக யுத்த காலத்தில பிரித்தானியப் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கக்குள்ள சேந்து திருகோணமலையில பீரங்கியடியில நிண்டவர். 1942 ஏப்ரல் 9ம் திகதி ஜப்பான்காரன் திருகோணமலைக்குக் குண்டு போட்டான், அதே நாள் நம்மட மட்டக்களப்புக் கடலுக்கு நேர ஹேர்மிஸ் எண்ட விமானந்தாங்கிக் கப்பலையும் தாட்டான், வம்பயர் எண்ட அவுஸ்திரேலியக் கப்பலையும் தாட்டான். ஹேர்மிஸில மட்டும் 300 பேருக்கு மேல செத்தாங்க. அண்டைக்கு அந்தக் கப்பலில ஒரு விமானம் கூட இருக்கல்ல. அங்கால போன வீட்டா எண்ட ஆஸ்பத்திரிக் கப்பல் வந்து 600 பேரளவில தூக்கி எடுத்திச்சி. தாண்ட ஹேர்மிஸ் இப்பவும் கல்லடிக்கு நேர கடலுக்கடியில கிடக்கு, சுழியோட வெளிநாட்டுக்காரர் வாறாங்க, நம்மட பொடியன்மார் கனபேருக்கு இது தெரியா. பட்டாளத்தார் இதையெல்லாம் பெரிசாக் கதைக்க மாட்டார். கேட்டா, குண்டு விழக்குள்ள பயந்தனான் எண்டு மட்டும் சொல்லுவார்.

ஆனா 78ஐப் பத்தி நான் சொல்லணும், ஏனெண்டா அது என்ட கண்ணால கண்டது. நவம்பர் 23 சூறாவளி அடிச்சி ஓஞ்ச மற்ற நாள் நம்மட ரோட்டு இருந்த கோலத்த இப்பத்தப் புள்ளைகளுக்குச் சொன்னா விளங்காது. கல்முனையில இருந்து மட்டக்களப்பு மட்டும் தென்ன மரம், லைட் தூண், கூரத் தகரம் எல்லாம் ஒண்டுக்கு மேல ஒண்டு, ரோட்டு எங்க கிடக்கு எண்டே தெரியா. டெலிபோன் இல்ல, கரண்ட் இல்ல, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும் எண்டு வீட்டு வீட்டுக்குக் காயக்காரர். எல்லாரும் அவனவன்ட வீட்டு ஓட்டப் பொறுக்கிக்கொண்டு நிக்கக்குள்ள இந்த மனுசன் காக்கிக் கால்சட்டையப் போட்டுக்கொண்டு, விசிலடிச்சி பொடியன்மாரக் கூப்பிட்டு, கோடாலி உள்ளவன் ஒரு பக்கம், வாள் உள்ளவன் ஒரு பக்கம், கயிறு உள்ளவன் ஒரு பக்கம் எண்டு நிப்பாட்டினார். அப்ப வயசு அறுவதத் தொடப் போற ஆள்.

அவர் சொன்ன ஒரு விசயம்தான் அண்டைக்குப் பெரிய வித்தியாசம் செஞ்சிது. முழு மரத்தையும் எடுக்க நிக்காதீங்க, ஒரு வாகனம் போற அகலத்துக்கு மட்டும் ரெண்டு வெட்டு வெட்டி நடுத்துண்ட உருட்டி விடுங்க, மிச்சத்த பொறகு பாப்பம் எண்டார். மத்த ஊருகளில ஒரு மரத்த முழுசா எடுத்து, விறகாக்கி, அடுக்கி வெச்சிட்டுத்தான் அடுத்த மரத்துக்குப் போனாங்க, நாள் போயிட்டு. இவர்ர ஆக்கள் இருட்டுறதுக்குள்ள கன தூரம் போயிட்டாங்க, எதிர்ப் பக்கத்தால மருதமுனைப் பக்கத்து ஆக்களும் வெட்டிக்கொண்டு வந்தாங்க, ரெண்டு கூட்டமும் சந்திச்ச இடத்தில கட்டிப் பிடிச்சாங்க. விழுந்த தேங்காய ஒருத்தனும் வீட்டுக்குக் கொண்டு போகக் கூடாது, கோயிலடியில குவிக்கணும், அங்கதான் எல்லாருக்கும் சமையல் எண்டும் ஓடர். ஒரு பொடியன் நாலு தேங்காய மறைச்சதுக்கு அடி விழுந்தது இன்னும் ஞாபகம், அந்தப் பொடியன் இப்ப பெரிய முதலாளி, பேர் வேணாம். அந்த இடைவெளிக்குள்ளாலதான் முதல் முதல் வாகனம் காயக்காரரோட போச்சி. பொறகு ஆமி வந்திச்சி, நிவாரணம் வந்திச்சி, போட்டோ எடுத்தாங்க, போட்டோவில இவர் இல்ல.

இதான் நான் சொன்ன முக்கியமான விசயம். அந்த ரோட்டுக்கும் அவருக்கும் உள்ள சம்பந்தம் பீரங்கியில இல்ல, கோடாலியிலதான். முதல் கடிதக்காரர் யுத்த வீரர் யுத்த வீரர் எண்டு எழுதினதாலதான் ரெண்டாவது கடிதக்காரருக்குக் கோவம் வந்திச்சி.

அந்தக் கோவத்தையும் நான் சும்மா தள்ளி விட ஏலா. தெற்கில போனா, குறுக்கு ஒழுங்கைக்கெல்லாம் யுத்தத்தில செத்த ஆமிப் பொடியன்மார்ர பேர் போட்ட போர்ட் நிக்கிறத எல்லாரும் கண்டிருப்பீங்க. அந்த ஊர்த் தாய்க்கு அவன் மகன், வைக்கிறா, அதில நான் ஒண்டும் சொல்லல்ல. ஆனா நம்மட மாவட்டத்தில பிரேதம் கிடக்காத ரோட்டு எது? எந்தப் பக்கத்துச் சீருடைட பேர இஞ்ச ரோட்டில எழுதினாலும், அந்தப் போர்ட்டுக்கு முன்னுக்கால நடந்து போகக்குள்ள ஒருத்திக்கு நெஞ்சு பத்தும், தமிழ்ச் சனமாயிருந்தாலும் முஸ்லிம் சனமாயிருந்தாலும் சிங்களச் சனமாயிருந்தாலும். அதால நம்மட சண்டையில நிண்ட ஆக்கள்ட பேர இப்போதைக்கு ரோட்டுக்கு வைக்காம இருக்கிறதுதான் நல்லம் எண்டது என்ட எண்ணம், என்னோட கோவிக்கிற ஆக்கள் கோவிச்சிக்கங்க. இவர் நிண்ட சண்டை வேற. அது நம்மள நாமே சுட்ட சண்டை இல்ல. நம்மட சண்டை தொடங்கக்குள்ள இவர் துவக்கத் தொட்டு நாப்பது வருசமாகிட்டு, அந்தக் காலத்தில ரெண்டு பக்கத்தாலயும் பேச்சு வாங்கினவர், ஒரு பக்கமும் போகல்ல. இத எதிர்த்து எழுதினவர் தெரிஞ்சிக்கணும்.

இனி நடைமுறை. பேரே மாத்தணும் எண்டு சிலர் நிக்கிறாங்க. இந்த ரோட்டு ஏ4. கொழும்பில தொடங்கி இரத்தினபுரி, மொனராகலை, பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை எண்டு 430 கிலோமீட்டர் சுத்தி மட்டக்களப்பில வந்து முடியிற ரோட்டு, வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குச் சொந்தம், பிரதேச சபை தன்ட பாட்டில பேர் மாத்த ஏலாது. மாத்தினாலும் கூத்தப் பாருங்க. ரெண்டு பக்கமும் உள்ள கடை, வீடு எல்லாத்துக்கும் ஐடென்டிட்டி கார்டில ஒரு விலாசம், காணி உறுதியில ஒரு விலாசம், பேங்க் புத்தகத்தில ஒரு விலாசம் எண்டாகும். ஒண்டாம் வகுப்புக்குப் புள்ளையச் சேக்கப் போற தாய் தகப்பன் கரண்ட் பில்லையும் வாக்காளர் பட்டியலையும் தூக்கிக்கொண்டு கிராம சேவகர்ர வாசலில நிப்பாங்க. சுனாமியில உறுதியத் துலைச்சி, புதுசா எடுக்க நாய்ப்பாடு பட்ட ஆக்கள் இந்தக் கரையில எவ்வளவு பேர், அவங்களப் போய்த் திரும்பவும் அலைய விடுறதா? பட்டாளத்தார் உயிரோட இருந்தா அவரே விசிலடிச்சி நிப்பாட்டியிருப்பார்.

போர்ட் எண்டா இந்தக் கரைச்சல் ஒண்டும் இல்ல. அமெரிக்காவிலயும் கூடுதலா அப்பிடித்தான் செய்றாங்களாம், ரோட்டுட நம்பரையும் ஆக்கள்ட விலாசத்தையும் தொடாம, ஞாபகத்துக்குப் பேர் குடுத்து, துண்டு தொடங்கிற இடத்திலயும் முடியிற இடத்திலயும் பலகை நடுறது. கலிபோர்னியாவில சட்டசபையே தீர்மானம் போட்டாலும் பலகைக்கு மாநில அரசாங்கம் காசு குடுக்காது, கேட்ட ஆக்கள்தான் சேத்துக் குடுக்கணும். இது எனக்கு சரியாப் புடிச்ச சட்டம். நம்மட பக்கம் பேர் வைக்கணும் எண்டு மேடையில கத்துறவன் ஒருத்தனும் பொக்கட்டில கை வைக்கிறல்ல, திறப்பு விழாக் கல்லில தன்ட பேர் பெருசா வரணும் எண்டு மட்டும் நிப்பான். பட்டாளத்தார்ர பேரில வைக்கிற பலகையில வேற ஒருத்தன்ட பேரும் வரக்கூடாது, திறந்து வெச்சவன் ஆரெண்டும் வேணாம்.

பலகை எங்க நடுறது எண்டும் சொல்லிடுறன். களுவாஞ்சிகுடிச் சந்தியில நட்டா போஸ்டருக்கு அடியில மறைஞ்சிடும், டியூசன் நோட்டீஸும் மரண அறிவித்தலும் ஒட்டியே முடிச்சிடுவாங்க. ஒந்தாச்சிமடத்துப் பக்கம் பஸ் ஹோல்டுக்குக் கிட்ட நடணும், நிண்டு வாசிக்க ஆளுக்கு நேரம் இரிக்கும், மழைக்கு நனையவும் மாட்டான். மூண்டு மொழியிலயும் எழுதணும், தமிழ எழுதி முடிச்சதும் படிச்ச ஆள் ஒருத்தருக்குக் காட்டிட்டுத்தான் பெயின்ட் அடிக்கணும், நம்மட அரசாங்கப் பலகைகளில தமிழ் படுற பாடு உங்களுக்குத் தெரியாததில்ல. எழுத வேண்டியது நாலு வரி போதும். பேர், பொறந்த வருசம், செத்த வருசம், பட்டாளத்தில இருந்தவர் எண்டு ஒரு வரி, 1978 சூறாவளிக்கு மற்ற நாள் ஊர்ப் பொடியன்மாரோட இந்த ரோட்டத் தொறந்தவர் எண்டு ஒரு வரி.

அண்டைக்கு அவரோட கோடாலி பிடிச்ச ஆக்கள் இன்னும் கொஞ்சப் பேர் இரிக்காங்க, எல்லாருக்கும் எழுவது தாண்டிட்டு. அவங்களையும் பட்டாளத்தார்ர புள்ளைகளையும் ரோட்டுக் கரைச் சனத்தையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்துக்குக் கூப்பிட்டுக் கேளுங்க எண்டு பிரதேச சபை ஆக்களுக்கு உங்கட பேப்பர் மூலமாச் சொல்றன். அந்த ரெண்டாவது கடிதக்காரரும் வரணும், அவருக்கு முதல் வரிசையில கதிரை போடச் சொல்லுவன். வேணாம் எண்டு சனம் சொன்னா விட்டிடுவம், அதில ஒரு மானப் பிரச்சினையும் இல்ல. ஓம் எண்டு சொன்னா வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குக் கடிதம் எழுதுற வேலைய எழுத்து வாசனை உள்ள பொடியன் ஒருத்தன் பொறுப்பெடுக்கட்டும், பலகைக்கு முதல் காசு என்ட பென்சனில இருந்து நான் தாறன்.

இப்படிக்கு,
பென்சனில உள்ள பஸ் டிரைவர் ஒருவர்,
களுவாஞ்சிகுடி.